ஒன்பது நொடித் தோட்டம்

இ.சி.ஜி. சுருளில்
சிவப்புக் கோடு வந்துவிட்டால்
மீதிக் காகிதம் யாருக்கும் வேண்டாம்.
ஆளுக்கொரு துண்டு கிழித்துக்கொள்வோம்,
மளிகைக் கணக்குக்கு, பிள்ளைகள் கிறுக்க.
நான் தோட்டம் போட எடுத்துவந்தேன்.

பெரிய கட்டம் ஒன்று, ஒரு சாண்.
விருதம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால்
அகலம் இருபத்தொன்பது சாண்,
நீளம் நாற்பத்தைந்து.
காகிதத்தின் சொந்தக் கணக்கோ வேறு:
ஐந்து கட்டம் போனால் ஒரு நொடி.
அப்படிப் பார்த்தால் என் தோட்டம்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்
ஒன்பது நொடி.
பதற்றமில்லாத நெஞ்சு
பத்துப் பதினொரு முறை துடிக்கும் தூரம்.

முதலில் மேற்கு.
அங்கே காலிமனை,
மூன்று மணி வெயிலுக்குக் கதவில்லாத வாசல்.
கல்தூண் நான்கு நட்டுப் பந்தல் போட்டேன்,
அவரையும் பீர்க்கனும் ஏறட்டும்,
அதன் நிழல் விழும் கட்டங்களில் தக்காளி.
பாத்திரம் கழுவிய தண்ணீர் இறங்குமிடத்தில்
வாழை இரண்டு, காலடியில் சேம்பு.
போர் தண்ணீரை நம்பிக் கீரை விதைக்க முடியாது,
உப்பு.
நுனி கருகிப்போகும்.

கறிவேப்பிலை இரண்டு கன்று.
ஒன்று குழம்புக்கு,
இன்னொன்று அதில் முட்டையிட வரும்
கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு.
எது யாருடையது என்று
புழுவுக்குச் சொல்லக்
காகிதத்தில் வழியில்லை.

நடுவில் இலவம்பாடி முள்ளுக்கத்திரி.
விதை கொடுத்தவள் ஸ்கேன் அறை புஷ்பநாயகி:
"முள்ளு குத்திச்சின்னு என்னைத் திட்டாத."
கத்திரி வெயில் கழியட்டும்,
கத்திரி அப்புறம்.

"எருக்கு வூட்டுக்கு ஆவாது, புடுங்கிக் கடாசு"
என்றார் கோதண்டம்.
இலையைத் திருப்பிக் காட்டினேன்.
கறுப்பு, மஞ்சள், வெள்ளை
வரிவரியாய் உடுத்த ஒரு புழு
பால் வடிய வடிய
விளிம்பிலிருந்து தின்றுகொண்டிருந்தது.
வெகுநேரம் குனிந்தபடி நின்றார்.
"வெள்ளெருக்கா இருந்தாலாச்சும் பரவால்ல."
அந்தக் கட்டத்தில்
கேள்விக்குறி ஒன்று போட்டுவைத்தேன்.

பட்டுப்போன முருங்கையை வெட்டவில்லை.
அதில் துளைபோட்டுக் குடியிருக்கும் கருவண்டுகள்தாம்
பந்தலில் பூவுக்குப் பூ போகப்போகின்றன.
உடைந்த செங்கல் குவியல் அப்படியே, தேரைக்கு.

பாத்திகளை ஸ்கேல் வைத்து இழுத்திருந்தேன்,
நேர்நேராய் மூன்று.
ஆனால் பின்சுவர் ஓட்டையிலிருந்து
சாக்கடை மூலைவரை
தரையில் ஒரு தடம் தேய்ந்திருக்கிறதே, யார்?
ராத்திரி கோலமாவு தூவிவைத்தேன்.
விடிகாலையில் மாவின்மேல் சின்னச் சின்ன நகங்கள்.
கீரி.
அதன் தடம் அரைச் சாண்கூட இல்லை,
என் கால் வைக்கக் கொஞ்சம் அகலப்படுத்தி
அதையே வழியாக்கினேன்.
பாத்தி நான்காயிற்று, நாலும் கோணல்.
வரைந்து முடித்துப் பார்த்தால் தொழில் புத்தி,
'இந்த ஆளுக்கு இன்னொரு தடவை எடுக்கணும்.'

அதற்குள் அவர்
கொதிக்கும் டீ டம்ளரைக்
காகிதத்தின்மேல் வைத்துவிட்டார்.
சூடு பட்டால் கருக்கும் காகிதம் இது,
அதில் எழுதுவதே சூடுதான்.
மிளகாய்ப் பாத்தியில் கறுப்பாய் ஒரு வட்டம்,
அழியாது.
"சரி, அங்க ஒரு மண்தொட்டி,
தேன்சிட்டு தண்ணி குடிக்க."
"அப்போ மொளகா?"
"நகரும்."

மழைத்தண்ணீர் டிரம் எங்கே என்று
இன்னும் வரையவில்லை.
ஆடிப்பட்டத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது.
அதுவரை காகிதத்தை
வெயில் படாத சுவரில் ஒட்டிவைக்க வேண்டும்.
இந்த ஊரில் அது எந்தச் சுவர் என்பதில்தான்
இரண்டு நாளாய் எங்களுக்குள் சண்டை.